ஆரஞ்சுத் தோட்டமே இல்லாத ஊரில் எலுமிச்சை ஆராய்ச்சி

சிங்கப்பூரில் என் தொழிலைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "எலுமிச்சை, ஆரஞ்சு ஆராய்ச்சியா? இங்கேதான் தோட்டமே கிடையாதே?" டாக்சி ஓட்டுநர் கேட்டிருக்கிறார், பிள்ளையின் பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார், என் மாமியார் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். சீனப் புத்தாண்டுக்கு முன் கடைகளில் மலைபோல் குவியும் மாண்டரின் ஆரஞ்சு சீனாவிலிருந்து வருகிறது. மூன்கேக் பண்டிகைக்கு விற்கும் பம்ளிமாஸ் மலேசியாவின் ஈப்போ பக்கத்திலிருந்து வருகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையில் ஊறுகாய்க்கு வாங்கும் பழமும் கடலோ பாலமோ தாண்டித்தான் வந்தாக வேண்டும்.

என் பதில் எளிது. செடியின் நோயைச் சோதிக்கும் கூடத்தை அந்தப் பயிர் விளையாத இடத்தில் வைப்பதுதான் நல்லது. உள்ளே இருக்கும் பூச்சி ஒன்று தப்பி வெளியே போனாலும், அது அழிக்க அக்கம்பக்கத்தில் ஒரு விவசாயியின் பிழைப்பு இருக்காது. நான் வேலை பார்ப்பது அப்படியொரு சிறிய ஆய்வுக்கூடத்தில். சரவாக், வியட்நாம் தோட்டங்களிலிருந்து வரும் இலைகளைச் சோதிக்கிறோம், ஒட்டுக்கட்ட உதவும் நோயில்லாத மொட்டுக்குச்சிகளைத் தயாரித்துத் தருகிறோம். கேட்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆனால் இத்தனை வருடங்களில் நான் கண்டது, எலுமிச்சைக் குடும்பத்துக்கு வந்த பெரிய கேடுகளில் பாதிக்கு மேல் மனிதர் கையில் நாற்றாகப் பயணம் செய்தவை என்பதுதான். அதனால் எந்தச் செடியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது எங்கிருந்து வந்தது என்று.

"எலுமிச்சம்பழத்துக்குப் போய் பிஎச்டியா?" என்று கேட்டார் அப்பா. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதே அவருக்கு மனக்குறை. மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் போகிற இடம் என்பது அன்றைய ஊர்க்கணக்கு. எனக்கே இந்தப் பயிர் பிடித்துப்போனது, தென்காசிப் பக்கம் புளியங்குடித் தோட்டங்களுக்குக் களவேலைக்குப் போன பிறகுதான். எலுமிச்சை மூட்டைகள் அங்கிருந்து மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகும். காய்க்கிற மரம் இருந்தால் வீட்டில் கைச்செலவுக்குக் கவலையில்லை. ஆனால் நன்றாக நின்ற மரம் நுனியிலிருந்து காய ஆரம்பித்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. "மண்ணு செத்துப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு உரக்கடைக்குப் போவார்கள்.

மண்ணைக் குற்றம் சொல்வது நம் ஊர் விவசாயி மட்டும் செய்ததில்லை. தென்சீனத்தில் இதே வாட்டத்தைத் தண்ணீர் தேங்கியதால் வந்தது, சத்துக் குறைவு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கட்டினால் நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று லின் கொங்சியாங் 1956ல் காட்டினார். இந்தியாவில் ஆரஞ்சு மரங்கள் நுனி காய்ந்து சாவதற்கும் அதே நோய்தான் காரணம் என்று, அங்கே போய்த் தோட்டம் தோட்டமாகப் பார்த்த ஆஸ்திரேலியப் பெண் விஞ்ஞானி லிலியன் ஃபிரேசரும் உடன் பணியாற்றியவர்களும் 1966ல் எழுதினார்கள். அதைப் பரப்புவது மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள சைலிட் பூச்சி என்பதும் அதையொட்டிய வருடங்களில் உறுதியானது. நோயின் சீனப் பெயர் ஹுவாங்லாங்பிங். நம் ஊரில் கிரீனிங் என்போம். இலையில் செய்த சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகும் குழாய்களுக்குள் பாக்டீரியா புகுந்து அடைத்துவிடுகிறது. வேர் பட்டினி கிடக்கிறது, மரம் மேலிருந்து காய்கிறது. இன்றுவரை குணப்படுத்த மருந்து இல்லை.

இலையைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் இல்லை, ஆராய்ச்சி நிலையத்தில் களப் பணியாளராக இருந்த ஒரு அண்ணாச்சி. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். மஞ்சளடித்த இலை ஒன்றைப் பறித்து, நடு நரம்புக்கு இடப்பக்கம் ஒரு வட்டம் போடுவார். வலப்பக்கம் அதற்கு நேரெதிரே அதே அளவில் இன்னொன்று. "இப்ப ரெண்டு வட்டத்துக்குள்ளயும் பாரும்மா. ஒண்ணுபோல இருந்தா சத்துக் குறை. ஒண்ணு பச்சை, ஒண்ணு மஞ்சள்னா வேற சங்கதி." இந்தப் பேனாச் சோதனையைப் பிறகு பல நாட்டு விரிவாக்கப் பயிற்சிகளிலும் பார்த்தேன். சத்துக் குறை இலையின் இரண்டு பாதியையும் சமமாக வெளுக்கும். கிரீனிங் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் வெளுக்கும்.

சமமாக வெளுத்தாலும் அதிலேயே தரம் பிரிக்க வேண்டும். புது இலை சிறுத்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்தால் துத்தநாகம். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்பு. முதிர்ந்த இலையில் காம்புப் பக்கம் மட்டும் ஒரு முக்கோணம் பச்சை மிஞ்சினால் மக்னீசியம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கிரீனிங் வந்த மரம் துத்தநாகக் குறை மாதிரியும் காட்டும், ஏனென்றால் வேர் பழுதாகி எதையும் இழுக்க முடியவில்லை. ஆகவே இலையோடு நிறுத்தாமல் பழத்தையும் வெட்டிப் பார்ப்போம். நெடுக்காக வெட்டினால் நடுத்தண்டு வளைந்திருக்கும், விதை கருகிச் சூம்பியிருக்கும், பழத்தின் அடிப்பாகம் மட்டும் பழுக்காமல் பச்சையாக நிற்கும். இவ்வளவும் பொருந்திய பிறகுதான், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் எந்திரத்துக்கு வேலை. எந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. கிருமி மரம் முழுக்க ஒரே சீராக இருக்காது. நல்ல கிளையில் எடுத்த இலை "நோய் இல்லை" என்று வரும், அடுத்த கிளை செத்துக்கொண்டிருக்கும். மாதிரி எடுப்பதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள் என்று தோட்டக்காரர்களிடம் கெஞ்சுவதே என் வேலையில் ஒரு பங்கு.

எந்திரம் இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. வியட்நாமின் மீகோங் டெல்டாவில் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் செய்து காட்டினோம். சின்ன உப்புத்தாள் துண்டால் சந்தேக இலையை நன்றாகத் தேய்த்து, அந்தத் தாளைச் சிறு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். கிரீனிங் பிடித்த இலையில் மாவுச்சத்து வெளியே போக வழியில்லாமல் தேங்கியிருக்கும், தண்ணீர் கறுத்துவிடும். நல்ல இலையில் பழுப்பாகவே இருக்கும். முடிவான சோதனை என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த மரத்து இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்ய உதவும்.

அதே டெல்டாவில்தான் கொய்யா விஷயமும் கேள்விப்பட்டேன். ஆரஞ்சு வரிசைகளுக்கு நடுவே கொய்யா நட்டவர்களுக்குப் பூச்சித் தொல்லை குறைவு என்று விவசாயிகளே கவனித்துச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள், கொய்யா இலையின் கந்தக வாசனைக்குச் சைலிட் விலகுகிறது என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. பிற நாடுகளில் வயலில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு விவசாயி சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று முடிவுகட்டுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்கள் கண்ணால் பார்த்தது உண்மை. அந்த மண், அந்த நெருக்கம், அந்த நீர்வாய்க்கால்களில் அது நடந்தது. வேறு இடத்தில் ஏன் நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

இப்போது என் அன்றாட வேலைக்கு வருகிறேன். நோயுள்ள மரத்தின் துளிர் நுனியை வெட்டி, சுத்தமான நாற்றின் மேல் ஒட்டி, நோயில்லாத செடி எடுப்பது. குருத்து நுனி ஒட்டு என்று இதைச் சொல்கிறோம். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் டொஷியோ முராஷிகே குழு 1972ல் தொடங்கி வைத்தது, ஸ்பெயின்காரரான லூயிஸ் நவாரோ அந்தக் குழுவோடு சேர்ந்து 1975ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். திசு வளர்ப்பு படித்தவர்களுக்கு முராஷிகே பெயர், திசுவை வளர்க்கும் சத்துக் கலவையான முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தின் வழியாகவே தெரிந்திருக்கும்.

முதலில் வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியாக நிற்கும் செடியின், விதையைக் கண்ணாடிக் குழாயில், இருட்டில், சுமார் இரண்டு வாரம் முளைக்கவிடுவோம். வெளிச்சம் படாததால் தண்டு வெளுத்து நீண்டு வரும். அதன் தலையையும் பருப்பிலைகளையும் நீக்கிவிட்டு, பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவில் தலைகீழ் 'டி' வடிவத்தில் கீறுவோம். அப்புறம் நுண்ணோக்கியின் கீழ் தாய்மரத்துத் துளிரைப் பிரிக்க வேண்டும். சவரப் பிளேடை உடைத்துப் பிடியில் ஒட்டிச் செய்த கத்திதான் இதற்குச் சரிப்படும், கடையில் வாங்கும் எதுவும் அவ்வளவு கூர்மையாக இருக்காது. இலை மொட்டு ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ரவை துணுக்கை விடச் சின்னதாக, பளபளவென்று ஒரு மேடு தெரியும். அதோடு இரண்டு மூன்று இலை அரும்புகள் மட்டும் இருக்கும்படி வெட்டினால் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர். அதைக் கத்தி நுனியில் ஏந்தி அந்தக் கீறலில் உட்கார வைக்க வேண்டும். பத்தில் மூன்றோ நான்கோ பிழைத்தால் அன்று நல்ல நாள். மூச்சை இழுத்து விட்டாலே துணுக்கு பறந்துவிடும். ஏர்கான் காற்று நேராக மேசைக்கு வருகிற அறையில் இதைச் செய்யச் சொன்ன ஒரு மேலாளரும் எனக்கு வாய்த்திருக்கிறார்.

இவ்வளவு சிறிய நுனி எதற்கு? வைரஸும் பாக்டீரியாவும் பயணம் செய்யும் குழாய்கள் அந்த நுனிவரை இன்னும் உருவாகியிருக்காது. நோய்வாய்ப்பட்ட மரத்திலிருந்தும் சுத்தமான செடி எடுக்கலாம் என்பது அதனால்தான் சாத்தியம். விதை போட்டால் பல வருடம் முள்ளோடு காய்க்காமல் நிற்கும், இந்த நுனி தாய்மரத்தின் வயதை ஏந்தி வருவதால் அந்தத் தாமதம் இல்லை. எடுத்த செடியைச் சோதித்து, மறுபடி சோதித்து, பூச்சி நுழையாத வலைக்கூடத்தில் தாய்ச்செடியாக வைப்போம். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் 2003 முதல் ஆரஞ்சு நாற்று முழுவதும் வலைக்கூடத்துக்குள்தான் வளர்க்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த வருடமே கிரீனிங் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சட்டம் வேறொரு நோய்க்காக வந்தது என்றாலும், அது இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாயிருக்கும் என்பது என் எண்ணம்.

ஃபுளோரிடாவின் கதை இதற்கு நேரெதிர். 1998ல் சைலிட் பூச்சி அங்கே முதலில் தெரிந்தது, வெள்ளைப் பூவும் நல்ல மணமும் உள்ள வேலிச்செடியான கெமுனிங்கில். எலுமிச்சைக்கு அது உறவுக்காரச் செடி. தொட்டியில் வளர்த்த கெமுனிங்கைப் பெருங்கடைகள் மாநிலம் முழுக்க விற்றன, பூச்சியும் கூடவே வண்டியேறியது. 2005ல் நோய் உறுதியானபோது பூச்சி எங்கும் பரவி முடிந்திருந்தது. 2003-04 பருவத்தில் சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2024-25ல் ஏறக்குறைய 1.2 கோடிப் பெட்டி எடுத்தது. நோயோடு புயல்களும் உறைபனியும் சேர்ந்துகொண்டன, நிலத்தை வீட்டுமனைக்கு விற்றவர்களும் உண்டு. ஆனாலும் தொடக்கம் ஒரு பூந்தொட்டி. சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக் ஓரங்களிலும் பூங்காக்களிலும் கெமுனிங் வேலி சாதாரணம். மழைக்குப் பிறகு அந்த மணம் எனக்கும் பிடிக்கும். நடக்கும்போது இளந்துளிரைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

நம் வீடுகளில் அதைவிட முக்கியம் கறிவேப்பிலை. அதுவும் இதே குடும்பம்தான். வில்வமும் விளாவும்கூட. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியது போல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், இந்தக் குடும்பத்தின் அடையாளம் அது. கிரீனிங்கால் கறிவேப்பிலை காய்ந்துபோவதில்லை, ஆனால் பூச்சிக்கு அது அருமையான வீடு. கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் கறிவேப்பிலைச் செடியை இஷ்டத்துக்கு ஊர் மாற்ற முடியாது. எங்கள் புளோக்கில் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். ஊருக்குப் போனால் ஈரத்துணியில் சுற்றி நாற்று கொண்டுவருவது அவருக்குப் பழக்கம். "நம்ம ஊர் வாசனை இங்க வாங்குறதுல வருமாம்மா?" வாசனை வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் ஊரிலிருந்து தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடியை உள்ளே கொண்டுவருவது குற்றம். ஆன்ட்டிக்குச் சட்டத்தைச் சொன்னபோது காது கேட்கவில்லை. துளிரின் அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் குஞ்சுகளை, அவை மெழுகு நூல் போல வெள்ளையாகக் கழிவதை லென்ஸில் காட்டினேன். "சீ, இதையா சாம்பார்ல போட்டேன்!" என்றார். அதற்கப்புறம் இங்குள்ள நாற்றங்காலில்தான் வாங்குகிறார்.

தாழ்வாரத்தில் கலமான்சி என்னும் குட்டி எலுமிச்சையோ சாதாரண எலுமிச்சையோ வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் தண்ணீர்தான். இங்கே வெயிலில் செடி சாவது அபூர்வம், நனைந்த வேர் அழுகித்தான் சாகிறது. தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் கொசு வளர்ந்து அபராதம் கட்டுவதும் மிச்சமாகும். மண்ணில் பாதிக்குமேல் மரப்பட்டை, கரித்துண்டு மாதிரி கரடான பொருள் இருக்கட்டும், ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியட்டும். பூக்கவில்லை என்றால் உரத்தைக் கொட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். இலை லேசாகத் தொங்கும்வரை விட்டு மறுபடி ஊற்றினால் துளிரும் பூவும் வரும். குளிர் இல்லாத ஊரில் எலுமிச்சைக்குப் பூக்கச் சொல்லும் சைகை வறட்சிதான். பழம் மஞ்சளாகவில்லையே என்று கவலை வேண்டாம், இரவு குளிராததால் தோலின் பச்சை கலையாது, சாறு ஏறியிருந்தால் பறிக்கலாம்.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஆரஞ்சுத் தொட்டியை வருடம் முழுக்கக் காப்பாற்றி, "இலையே மாறிப்போச்சு, முள்ளு முள்ளா வருது" என்று வருபவர்கள் உண்டு. மேலே ஒட்டியது செத்து, கீழிருந்த வேர்ச்செடி துளிர்த்திருக்கும். மூன்று மூன்றாக இலை இருந்தால் சந்தேகமே வேண்டாம். பறவை எச்சம் போல இருக்கும் புழுவை மட்டும் கொல்லாதீர்கள், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. நாலு இலை போனால் போகட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நடைமுறை விஷயங்கள். வேளாண்மைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் இங்கே இல்லை. உயிரியல் பட்டம் இங்கே முடித்து, முதுகலைக்குத் தோட்டம் உள்ள இடத்துக்குப் போங்கள், அது கோயம்புத்தூரோ மலேசியாவின் செர்டாங்கோ ரிவர்சைடோ. சம்பளம் வங்கி வேலைக்கு ஈடாகாது, அதைப் பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று நிதி. திட்டத்துக்குப் பணம் மூன்று வருடம் தருவார்கள், மரம் காய்க்க அதைவிட அதிகம் ஆகும். நாங்கள் ஒட்டுக்கட்டி வளர்த்த மரங்கள் முதல் காய்ப்புக்குத் தயாரானபோது ஒரு நிறுவனம் திட்டத்தை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து முக்கியமான எந்தச் செடிக்கும் வேறொரு இடத்தில் ஒரு நகல் வைக்காமல் நான் தூங்குவதில்லை. பெயர்ச்சீட்டு அலுமினியத் தகட்டில், அழுத்தி எழுதியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் மார்க்கர் எழுத்து இந்த வெயிலில் வெளுத்துவிடும், பெயர் தெரியாத சுத்தமான செடியால் ஒரு பயனும் இல்லை.

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நேர்காணலில் மஞ்சளடித்த ஒரு கிளையைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்பேன். உடனே நோயின் பெயரைச் சொல்பவர்கள் நிறையப் பேர். போன முறை ஒரு பெண் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது மரத்துல எந்தப் பக்கத்துக் கிளை? அந்த மரத்தை எந்த நாற்றங்கால்ல வாங்குனாங்க?" என்று கேட்டாள். திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.